அம்புக்குறியை நம்பிப் பாதையை விடாதீர்கள்: சாரணர்கள் போட்ட பாதையில் ஜியோகேச்சிங்

முதலில் என் கூத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங்கில் இறங்கிய புதிது. போனில் அம்புக்குறி நேரே மேட்டைக் காட்டுகிறது, கீழே 38 மீட்டர் என்று எழுதியிருக்கிறது, பாதையோ வளைந்து வேறு பக்கம் போகிறது. 38 மீட்டர்தானே என்று பாதையை விட்டு இறங்கி நேராகச் சரிவில் ஏறினேன். பாதி தூரம் போயிருப்பேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணா, அங்க மிதிக்காதீங்க, போன வாரந்தான் நட்டோம்." கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் மண்வெட்டி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சாரணர் பையன். குனிந்து பார்த்தால் சரிவு முழுக்கச் சின்னச் சின்னக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துணிக் கிழிசல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கன்று. என் இடது ஷூவுக்கு அடியில் இரண்டு. நான் தேடிப்போன டப்பா மேலே அடுத்த வளைவில், பாதையிலிருந்து இரண்டே எட்டில் இருந்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். டப்பாவுக்குத்தான் கேச் என்று பெயர். 2000 மே 2 வரை சாதாரண ஆட்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருந்தது, இடம் நூறு மீட்டர் வரைக்கும் தப்பும். அன்றைக்கு அந்தத் தடையை எடுத்தார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரமாக ஒரு கறுப்பு வாளியில் நோட்டு, பென்சில், சில்லறைச் சாமான்கள், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் போட்டு வைத்துவிட்டு, இடத்தின் எண்களை வெளியிட்டார். சில நாட்களிலேயே ஆள் போய்க் கண்டுபிடித்தாயிற்று. இன்றைக்கு உலகம் முழுக்க இப்படி ஒளிந்திருக்கும் டப்பாக்கள் 30 லட்சத்துக்கு மேல்.

சாரணர்களுக்கும் இதற்கும் உறவு இயல்பாகவே அமைந்தது. 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலிருந்தே தடம் பார்த்துப் போவது அவர்கள் பாடத்தில் இருக்கிறது. கல்லை அடுக்கி அம்புக்குறி போடுவது, வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்து 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று சொல்வது, இதெல்லாம் ஜிபிஎஸ் இல்லாத ஜியோகேச்சிங் மாதிரிதானே. அமெரிக்கச் சாரணர்கள் 2010-ல் ஜியோகேச்சிங்குக்கென்றே தனித் திறன் பேட்ஜ் கொண்டுவந்தார்கள். அங்கே ஈகிள் என்ற உச்ச நிலைக்கு வருகிற பிள்ளை, ஊருக்குப் பயன்படும் ஒரு சேவைத் திட்டத்தைத் தானே திட்டமிட்டு, ஆள் சேர்த்து, முன்நின்று முடிக்க வேண்டும். அதில் நிறையப் பேர் எடுத்துக்கொள்வது நடைபாதை, பலகைப் பாலம், பெஞ்சு, பெயர்ப் பலகை இப்படித்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஜியோகேச்சிங் டாட் காமில் இலவசக் கணக்கு ஒன்று போதும், சில டப்பாக்கள் மட்டும் பணம் கட்டிய உறுப்பினர்களுக்குத்தான் தெரியும், ஆரம்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர்களுடைய செயலியே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற திறந்தமூலச் செயலியும் உண்டு. போகிற பகுதியின் வரைபடத்தையும் டப்பாவின் விவரத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் இல்லையென்றால் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. போன் செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான், அதற்கு நெட் வேண்டாம். நெட் இல்லாவிட்டால் வரைபடம்தான் வெள்ளையாக நிற்கும்.

அப்புறம் ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும், தேடுவது எவ்வளவு கடினம், போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்று, ஒவ்வொன்றும் 1-லிருந்து 5 வரை. முதல் தடவை இரண்டும் 2-க்குள் இருப்பதாக எடுங்கள். அளவையும் பாருங்கள். நானோ என்றால் விரல் நுனி அளவு, மைக்ரோ என்றால் பழைய ஃபிலிம் ரோல் டப்பா அளவு, குழந்தைகளைக் கூட்டிப் போகிறீர்களென்றால் இந்த இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், அரை மணி நேரம் தேடிக் கடைசியில் ஒரு சுருட்டின காகிதம் கிடைத்தால் அதுகள் முகத்தைப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசியாகப் போனவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பது. மூன்று பேர் வரிசையாகக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் டப்பாவே இல்லாமல் இருக்கலாம். வேறு ஒன்றுக்குப் போங்கள்.

எண்களைக் கையால் போடுகிறவர்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஜியோகேச்சிங்கில் இடத்தைப் பாகை, அப்புறம் தசம நிமிடம் என்று எழுதுவார்கள். அந்த முதல் வாளி இருந்த இடம் வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. இதில் 17.460 என்பது பதினேழரைக்குக் கொஞ்சம் குறைவான நிமிடம். இதை 17 நிமிடம் 46 விநாடி என்று போட்டுவிட்டால், வடக்குத் தெற்கில் மட்டுமே அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் அட்சரேகையில் கிட்டத்தட்ட 1.85 மீட்டர்தான், அதற்காக யாரும் பதற வேண்டியதில்லை.

இப்போது பாதை. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் பாதி இதுதான். பையன்கள் போட்ட பாதை என்றால் ஏதோ செடியை வெட்டி வழி பண்ணியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அந்தப் பையனோடு நின்று பேசியதில்தான் எனக்கே தெரிந்தது. பாதையைக் கெடுப்பது மனுஷன் கால் பாதி, தண்ணீர் மீதி. சரிவில் நேராகப் பாதை போட்டால் மழைத் தண்ணீர் அதையே வாய்க்காலாக எடுத்துக்கொண்டு ஓடி, மண்ணை அரித்துக் கொண்டுபோய்விடும். அதனால்தான் குறுக்காக, வளைத்து வளைத்துக் கொண்டுபோகிறார்கள். மலைச் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக்கூடாது என்பது பாதை போடுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பாதையைக் கீழ்ப்பக்கம் லேசாகச் சாய்த்துவிடுவார்கள், தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து போக. செங்குத்தான இடத்தில் குறுக்கே சாய்வாக ஒரு மரக்கட்டையைப் பதித்திருப்பார்கள், பார்த்தால் படி மாதிரி இருக்கும், ஆனால் படி இல்லை, வருகிற தண்ணீரை ஓரமாகத் தள்ளிவிடுவதற்கு.

கொண்டை ஊசி வளைவில் ஒருத்தர் குறுக்கே வெட்டி ஏறினால் புல் மடியும். பத்துப் பேர் ஏறினால் தடம் தெரியும். தடம் தெரிந்துவிட்டால் அப்புறம் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள், அடுத்த மழைக்குத் தண்ணீரும் அதில்தான் இறங்கும், கீழே இருக்கும் பாதையில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். டப்பா தேடுகிறவர்கள் உண்டாக்குகிற இந்த மாதிரித் தடத்துக்கு இந்த விளையாட்டு வட்டாரத்தில் ஜியோடிரெயில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பெருமையான பெயர் இல்லை.

ஆகவே அம்புக்குறி எங்கே காட்டினாலும் பாதையிலேயே நடங்கள். தூரம் 40, 35, 30 என்று குறைந்துவிட்டு மறுபடி 50, 60 என்று ஏறும், அப்போதுதான் கால் அரிக்கும், பொறுங்கள், அடுத்த வளைவில் தானாகக் குறையும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வரைபடத்தில் பாதை எங்கே டப்பாவுக்கு மிக அருகில் வருகிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் போதும். பாதையிலிருந்து சில எட்டுக்குள் டப்பா இல்லை, இறங்கினால்தான் ஆகும் என்றால், பாறை மேலோ காய்ந்த சருகு மேலோ கால் வைத்துப் போங்கள். கூட்டமாகப் போயிருந்தால் ஒருவர் மட்டும் இறங்கட்டும். கன்று நட்டிருக்கும் இடமென்றால் வேண்டாம், விட்டுவிட்டு வாருங்கள், வந்து வைத்தவருக்கு எழுதுங்கள்.

கடைசிப் பத்து மீட்டர். இங்கே போனை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. திறந்த வெளியில் நல்ல போனுக்கே சுமார் 5 மீட்டர் பிசகு உண்டு, மரத்தடியில், பாறைச் சுவரோரம் இன்னும் கூடும், சமிக்ஞை எங்காவது மோதித் திரும்பி வரும். வைத்தவர் எண்ணை எடுத்தபோது அவருக்கும் அதே பிசகு இருந்திருக்கும். ஆக உங்கள் கணக்கு ஒரு புள்ளி இல்லை, பத்து மீட்டர் வட்டம். அம்புக்குறி கிறுகிறு என்று சுற்ற ஆரம்பித்ததும் போனை உள்ளே வைத்துவிட்டு, நான் ஒளித்து வைக்க வந்திருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்று சும்மா நின்று பாருங்கள். இயற்கை எதையும் வரிசையாக அடுக்காது. ஒரே நீளத்தில் நாலைந்து குச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்திருந்தால், விழுந்த மரத்தின் பொந்து வாயில் ஒரு கல் பொருத்தமாக உட்கார்ந்திருந்தால், பட்டை ஒன்று தான் வளராத மரத்தில் ஒட்டியிருந்தால், அங்கேதான். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியை விடுங்கள். பொந்துக்குள் உங்களுக்கு முன்பே யாராவது குடியிருக்கலாம்.

கிடைக்கவில்லையா, டப்பாவின் விவரத்தோடு வைத்தவர் கொடுத்திருக்கும் குறிப்பைப் பாருங்கள். அது புரியாத எழுத்தாகத் தெரியும், ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று பதின்மூன்றாக நகர்த்தி எழுதியிருப்பார்கள், ஏ-வுக்கு என், பி-க்கு ஓ என்று. செயலியில் ஒரு தட்டுத் தட்டினால் நேராகிவிடும். பழைய ஆட்கள் கையாலேயே பிரிப்பார்கள், அதில் ஒரு கெத்து.

இருபது நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள், அதற்குமேல் தேடுவது தேடுவது இல்லை, கிளறுவது. குறிப்பாகச் சாரணர்கள் கட்டின எதையும் பிரித்துப் பார்க்காதீர்கள். கல் அடுக்கிய தாங்குசுவரில் ஒரு கல்லை உருவினால் மேலே இருப்பதெல்லாம் இளகும். பலகைப் பாதையின் திருகாணியில் கை வைக்காதீர்கள். அறிவிப்புப் பலகையின் பின்பக்கம் பார்க்கலாம், அதைப் பெயர்த்துப் பார்க்கக்கூடாது. விதிப்படி ஒளித்து வைத்த டப்பாவைத் தேடப் பெரும்பாலும் மண்வெட்டியோ திருப்புளியோ தேவைப்படாது.

கிடைத்துவிட்டது என்று வையுங்கள். உடனே எடுத்துவிடாதீர்கள், எப்படி இருக்கிறது என்று ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் மூடி, எந்தக் கல் மேலே. சுற்றுமுற்றும் பாருங்கள், விளையாட்டுத் தெரியாத ஆட்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஷூ லேஸ் கட்டுங்கள், பறவையைப் பாருங்கள், எதையாவது செய்யுங்கள். அவர்கள் போனதும் திறக்கலாம். நான் திறந்ததிலேயே மறக்க முடியாதது ஒன்று. நாலு பக்கமும் கிளிப் போட்ட டப்பா, ஒரு கிளிப் உடைந்திருந்தது, உள்ளே தண்ணீர் புகுந்து தாள் ஊறி மறுபடி காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. பேனாவில் எழுதினவர்கள் பெயரெல்லாம் நீலக் கறையாகப் பரவிக் கிடந்தது, பென்சிலில் எழுதின நாலு பெயர் மட்டும் அப்படியே தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து என் பையில் இரண்டு பென்சில், ஒரு ஷார்ப்னர், நாலைந்து காய்ந்த தாள், ஒரு சிறிய ஜிப் உறை எப்போதும் இருக்கும்.

உள்ளே பொம்மை, பட்டன், சாவிக்கொத்து என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாகவோ அதைவிட நல்லதாகவோ ஒன்றை வைக்க வேண்டும். எடுக்காமல் பெயர் மட்டும் எழுதிவிட்டு வந்தாலும் சரிதான். எண் பொறித்த உலோகத் தகடு மாட்டிய சாமான் இருந்தால் அது பரிசு இல்லை, ஊர் ஊராகப் பயணம் போகிற சாமான், எடுத்தால் இன்னொரு டப்பாவில் கொண்டுபோய் வைத்துப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் தொடாதீர்கள். மூடும்போது ரப்பர் வளையத்தில் மண் துகளோ தாள் நுனியோ மாட்டியிருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள், அந்த ஒரு இழை போதும் அடுத்த மழைக்குள் குளமாகிவிடும். எடுத்த படத்தைப் பார்த்து அதே மாதிரி வையுங்கள். இன்னும் நன்றாக ஒளிக்கிறேன் பேர்வழி என்று இடத்தை மாற்றுவது தப்பு.

வீட்டுக்கு வந்து இணையத்தில் பதியும்போது வெறும் நன்றி என்று போடாமல் இரண்டு வரி எழுதுங்கள், டப்பா இருக்கும் இடத்தை உடைத்துவிடாமல். கிடைக்கவில்லை என்றால் அதையும் கூச்சப்படாமல் பதியுங்கள், வைத்தவருக்கு அதுதான் சேதி. இந்த மாதிரிப் பாதையில் இன்னொன்றும் எழுதலாம், மூன்றாவது வளைவில் கட்டை பெயர்ந்திருக்கிறது, பாலத்தில் ஒரு பலகை ஆடுகிறது என்று. பாதை போட்ட பிள்ளைகள் தினமும் வந்து பார்க்க முடியாது. நாம்தான் போகிறோம். வருகிற வழியில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டு வருவதும் இந்த விளையாட்டின் பழக்கம்தான், 2002-லிருந்து அதற்கென்றே சேர்ந்து சுத்தம் செய்யும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

இருபது முப்பது டப்பா கண்டுபிடித்ததும் நாமும் ஒன்று வைக்கலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். முதலில் இடத்துக்குச் சொந்தக்காரர் யாரோ அவரிடம் அனுமதி, அப்புறம் பாதை போட்ட சாரணர் குழுவிடம் ஒரு பேச்சு. விளையாட்டின் விதி கேட்பது முதலாவது மட்டும்தான், ஆனால் எந்த இடத்தில் கன்று நட்டிருக்கிறார்கள், எந்த இடத்தில் பறவை கூடு கட்டும், எந்தச் சரிவு மழைக்குத் தாங்காது என்றெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு டப்பாவுக்கு இடையில் நேர்கோட்டில் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. இடத்துக்காரர் வெளிப்படையாக அனுமதிக்காமல் மண்ணைத் தோண்டக்கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது, சாப்பாட்டுப் பொருள், கத்தி, மது எதுவும் உள்ளே கூடாது. 2 கிலோமீட்டர் நேர்பாதையில் கணக்குப்படி ஒரு டஜன் வைக்கலாம், வளைந்து வளைந்து போகும் பாதையில் அவ்வளவு வராது. வந்தாலும் வைக்காதீர்கள் என்பது என் கட்சி. மூன்று போதும். பன்னிரண்டு வைத்தால் வருகிறவர் பாதையைப் பார்க்க மாட்டார், எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்.

டப்பா, ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள கெட்டியானதாக இருக்கட்டும், முடிந்தால் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி, வெளியே ஜியோகேச் என்று எழுதி. மொட்டையாக ஒரு பெட்டி பாதையோரம் கிடந்தால் பார்க்கிறவர் பயந்து போலீசைக் கூப்பிடுவார். இடத்தைப் பொறுத்தவரை, பாதையிலிருந்து கை எட்டும் தூரம், கால் வைக்கக் கெட்டியான தரை, மேலே தண்ணீர் ஒழுகாத மறைவு. பெஞ்சுக்கு அடியில் மட்டும் வேண்டாம், நடந்து களைத்து உட்கார்ந்திருப்பவரின் காலுக்கிடையில் யார் கையை விட்டுத் தேடுவது?

எண் எடுப்பதில் சோம்பல் கூடாது. போனைப் பத்து நிமிடம் அங்கேயே வைத்து நிலைக்க விடுங்கள், எண்ணைக் குறியுங்கள், முப்பது தப்படி தள்ளிப் போய் வேறு பக்கத்திலிருந்து திரும்ப வந்து எடுங்கள், இன்னொரு நாளும் போய் எடுங்கள், எல்லாவற்றுக்கும் சராசரி போடுங்கள். உங்கள் எண் எட்டு மீட்டர் தள்ளியிருந்தால், வருகிற ஒவ்வொருவரும் அந்த எட்டு மீட்டரை மிதித்து முடிப்பார்கள்.

கன்று நட்ட பகுதியோ சதுப்போ இருந்தால் ஒரு வழி இருக்கிறது. பல கட்டமாகத் தேடும் வகை. சாரணர்கள் வைத்த அறிவிப்புப் பலகைகளில் இருக்கும் எண்களைக் கேள்வியாக்குங்கள். பாலத்தில் எத்தனை பலகை, மூன்றாவது கம்பத்தின் எண் என்ன, பெஞ்சில் எந்த ஆண்டு பொறித்திருக்கிறது. விடைகளைச் சேர்த்தால் கடைசி டப்பாவின் இடம் வரும், அது பாதை முடிகிற இடத்தில், வண்டி நிறுத்துகிற பக்கம், மிதித்தாலும் ஒன்றும் ஆகாத தரையில் இருக்கட்டும். அந்தப் பையன்கள் எழுதிவைத்த பலகையை அதுவரை யாரும் படிக்காமல் போய்க்கொண்டிருந்திருப்பார்கள், இப்போது வரிக்கு வரி படிப்பார்கள்.

வெளியிடுவதற்கு முன் தன்னார்வப் பரிசீலகர் ஒருவர் தூரம், அனுமதி எல்லாம் பார்ப்பார். நீங்கள் தொடர்ந்து பராமரிக்க முடியாத தொலைவில், சுற்றுலா போன இடத்தில் வைத்தால் மறுத்துவிடுவார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நடை, கிடைக்கவில்லை என்று இரண்டு பதிவு வந்தால் ஒரு நடை, அவ்வளவு வேலை இருக்கிறது. டப்பாவைச் சுற்றித் தடம் விழ ஆரம்பித்திருந்தால் அதன் இணையப் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், புல் மறுபடி வரட்டும். சாரணர் குழுவே வைக்கிறது என்றால் கணக்கைப் பொறுப்பாசிரியர் பெயரில், குழுவின் மின்னஞ்சலில் திறங்கள். பதினைந்து வயதில் வைக்கிற பிள்ளை பதினெட்டில் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போய்விடும், கடவுச்சொல்லும் கூடவே போய்விடும், அப்புறம் டப்பாவில் தண்ணீர் புகுந்தால் பக்கத்தைத் திறந்து முடக்கக்கூட ஆள் இருக்காது.